தோண்டிய குழியை மூட வேண்டும்

நாணயம் புதைப்பதற்கு மழை பெய்த மறுநாள்தான் நல்லது. மண் இளகியிருக்கும், கிளறிய தடம் தெரியாது. குழி தோண்டிப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கவாட்டில் ஒரு கம்பியால் துளையிட்டு, காசை உள்ளே தள்ளி, துளையை அடைத்துவிட வேண்டும். ஒரு சாணுக்கு மேல் ஆழம் போகக் கூடாது. அதற்குக் கீழே மெட்டல் டிடெக்டருக்குக் காது கேட்காது.

இதையெல்லாம் என் மனைவிக்காகக் கற்றுக்கொண்டேன். அவளைத் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டின் பின்புறத்தையே சுற்றி வருவது செக்குமாட்டு வேலை என்று அவள் மறுத்தாள். அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தேன். முதலில் ஆணிகளும் சோடா மூடிகளும்தான் கிடைத்தன. அவள் முகம் வாடிவிட்டது. கடைத்தெருவில் பழைய நாணயம் விற்பவரிடம் வாங்கி வந்து புதைக்க ஆரம்பித்தேன். அவள் நடந்தாள். காசு கிடைத்ததும் குழியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவருவாள். தோண்டிய குழியை மூட வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதி. எங்கள் வீட்டில் தோண்டுவது அவள், மூடுவது நான்.

அவள் பிறந்தநாளுக்காக ஒரு வெள்ளிக் காசைப் புதைத்து வைத்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம் தூக்கத்திலேயே இறந்துவிட்டாள்.

துக்கத்துக்கு வந்த அவளுடைய அண்ணன் திரும்பிப் போகவில்லை. எனக்குத் துணையாக இருப்பதாகச் சொன்னார். இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார், டிவி பார்த்தார், மதியம் குறட்டை விட்டுத் தூங்கினார். ஒருநாள் பொழுது போகாமல் கருவியை எடுத்துக்கொண்டு பின்புறம் போனவர், போன சூட்டோடு வெள்ளிக் காசுடன் வந்தார்.

“பாத்தீங்களா மாப்ளே? அவ மாசக்கணக்கா தேடுனா. அண்ணன் கை பட்டதும் வெள்ளி.”

“அது அவளோடது, மச்சான்.”

“மண்ணுல கெடக்கறதுல பேரா எழுதியிருக்கு?” என்று சிரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மனிதருக்குத் தேடுவதில் ஒரு ருசி வந்திருந்தது, அதைக் கெடுக்க மனமில்லை. மறுநாள் அவர் தூங்கும்போது அதே குழியின் அடியில் ஒரு காசைத் தள்ளினேன். அதை எடுத்ததும் அதற்குக் கீழே இன்னொன்று.

அவரிடம் ஒரு கொள்கை உருவானது. “மேல இருக்கறவன் மகன், கீழ இருக்கறவன் அப்பன். இன்னும் தோண்டினா தாத்தாவே கெடைப்பாரு.” ஆகவே ஆழம் போகப் போகப் பழைய காசாக வாங்க வேண்டியிருந்தது. நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். கால வரிசை பிசகுவது எனக்குப் பிடிக்காது. ஒருமுறை கடை பூட்டியிருந்ததால், ஆள் உயரத்துக்குக் கீழே, இந்த வருடத்துக் காசு ஒன்றைப் போட நேர்ந்தது. அதை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும்,” என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, கிணறா?”

“இல்லக்கா. மச்சான் பழைய காசு தேடுறாரு.”

“பாத்துப்பா. கிணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாயிடப் போகுது.”

“வரட்டும்க்கா, மண்ணள்ள ஒரு ஆள் கொறையுது,” என்றது குழிக்குள்ளிருந்து குரல்.

வாளியில் மண்ணை மேலே இழுத்தது நான்தான். குழியின் விளிம்பிலேயே குவித்தேன். தள்ளிக் கொட்டியிருக்கலாமே என்கிறீர்கள். கொட்டியிருக்கலாம். மூடும்போது மறுபடி யார் சுமப்பது?

குழியின் மண்சுவரில் விரிசல் கண்டதும் எச்சரித்தேன். அக்காவின் காதிலும் விழுந்தது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

“போதும் மச்சான், மேல வாங்க.”

“இன்னும் ஒரு சாண் மாப்ளே. தாத்தா கூப்பிடுறாரு.”

கூப்பிட்டது நான் அன்று மதியம் போட்ட காசு.

சுவர் சரிந்தபோது பெரிய சத்தம் இல்லை. மச்சானுக்கு வயிற்றுக்கு மேல் மண் ஏறியிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. ஏணியில் இறங்கினேன்.

“கையப் புடிங்க மாப்ளே.”

“அந்த வெள்ளிக் காசக் குடுங்க, மச்சான்.”

“இப்பவா? பையில இருக்கு, எடுத்துக்குங்க. மொதல்ல தூக்குங்க.”

எடுத்துக்கொண்டேன். மேலே ஏறி, ஏணியை உருவி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். அவர் கத்தினாரா என்று கேட்டீர்கள். முதலில் சிரித்தார். பிறகு, “மாப்ளே, அள்ள வேண்டிய மண்ண உள்ள போடுறீங்க,” என்று திருத்தினார். பிறகுதான் கத்தினார். மண் பக்கத்திலேயே இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

தரையைச் சமன் செய்து, கம்பியால் துளையிட்டு, வெள்ளிக் காசை ஒரு சாண் ஆழத்தில் தள்ளினேன். அதை அவள்தான் எடுக்க வேண்டும்.

மச்சான் ஊருக்குப் போய்விட்டாரா என்று அக்கா கேட்டார். இங்கேதான் இருக்கிறார் என்றேன். நான் பொய் சொல்வதில்லை. அக்காதான் உங்களுக்குத் தகவல் சொல்லியிருப்பார்.

நேற்று உங்கள் காவலர் ஒருவர் கருவியோடு வந்து, முதலில் அந்தக் காசைத்தான் எடுத்தார். துடைத்துப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனிதராகத் தெரிகிறார், தோண்டுவதில் ஆர்வமும் இருக்கிறது. அவர் வீட்டுப் பின்புறத்தில் மண் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.