சீமைக் கோர்ட்டு

— கப்பலே முழுகிப்பூடுச்சா, குமாஸ்தா ஐயா?

— ஆமாம், செபஸ்தியம்மா. ஜெர்மன்காரன் குண்டு போட்டுட்டான். உன் பெரிய பிள்ளை மரியசெல்வத்தோட அப்பீல் கட்டு அந்தக் கப்பல்லதான் போயிண்டிருந்தது. சீமைக் கோர்ட்டு ஜட்ஜுகள் கண்ணுலயே படலை.

— பட்டிருந்தா?

— தூக்கை ரத்து பண்ணியிருப்பா. பிரிவி கவுன்சில்னா லேசா? ராஜாவோட கோர்ட்டாச்சே!

— போலீஸ் ஏட்டைக் கரையில குத்திப் போட்டப்போ எம் புள்ள கடல்ல வலை வுட்டுக்கினு இருந்தான். அத்த எய்தினீங்களா?

— என் கையாலயே எழுதினேன். மூணு பக்கம்.

— அப்போ படிச்சுட்டுத்தான் தள்ளிக்கீறாங்க.

— யாரு?

— சீமைக்காரங்கதான். சாந்தோம் கோயில் ஃபாதரு இன்னிக்குக் காலைல பேப்பரைப் பாத்துச் சொன்னாரு. ஒத்த வரிதான் கீதாம். இன்னாத்துக்குத் தள்னாங்கன்னுகூட சொல்லலியாம். தலையத் தூக்குங்க ஐயா.

— எப்படித் தூக்குவேன்? முப்பது வருஷமா இந்த மயிலாப்பூர் வக்கீலாத்துல வர்றவாகிட்டல்லாம் இதையேதான் சொல்லிண்டிருக்கேன். கீழ்க்கோர்ட்டு தப்பு பண்ணும், ஹைகோர்ட்டுகூடத் தப்பு பண்ணும், எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, அங்கே நியாயம் தப்பாதுன்னு. அதுவும் இப்படித்தான்னு தெரிஞ்சா ஜனங்க எங்கேம்மா போவா?

— எங்க குப்பத்துல அந்தக் கோர்ட்டை எவனும் ஒரு சொல்லு தப்பாப் பேச மாட்டான். போய்ப் பாத்தவன்தான் யாரும் இல்லியே.

— என்னை நன்னாத் திட்டிட்டுப் போ.

— திட்ட வரல. இந்தக் கப்பல் கதைய இன்னொருத்தனாண்டயும் நீங்களே சொல்லணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.

— மரியசெல்வத்துகிட்டயா? ஜெயில்லயே அவனுக்குத் தெரிவிச்சிருப்பாளே.

— அவனுக்கு இல்ல. சின்னவன் சூசைக்கு.

— சூசைக்கா? அதே கேஸுல ஆறு மாசமா போலீஸ் தேடறது, பழவேற்காட்டுப் பக்கம் ஒளிஞ்சிண்டிருக்கான்னியே! அவன் அங்கேயே கிடக்கட்டும். இந்தப் பக்கம் தலை காட்ட வேண்டாம்னு சொல்லியனுப்பு.

— “சீமைல நியாயம் கீதுடா, அண்ணனுக்குக் கெடைக்கப்போவுது, உனுக்கும் கெடைக்கும்”னு சொல்லி, முந்தாநேத்து நானே கையப் புடிச்சு இட்டாந்து போலீசாண்ட வுட்டுட்டேன், ஐயா.