ஈயப் பட்டாளம்

முத்துப்பேச்சி: …அந்த டப்பாவ மடியிலயே வச்சுக்கிட்டு உக்காரணுமா? கீழ வைங்க.

சோணைமுத்து: கீழ வச்சா யாராச்சும் எட்டி ஒதச்சுட்டுப் போயிருவாக. ஆஸ்பத்திரி வராண்டா. ஆளு போக வர இருக்கு.

முத்துப்பேச்சி: ஒதச்சா என்ன… பொம்மைதான.

சோணைமுத்து: டாக்டரு கொண்டாரச் சொன்னாரு. கொண்டாந்திருக்கேன். முழுசாக் குடுக்க வேணாமா?

முத்துப்பேச்சி: புள்ள வலிப்பு வந்து உள்ள கெடக்கா. போயி டப்பாவ எடுத்துட்டு ஓடியாங்கன்னு அனுப்புனா, ஒவ்வொண்ணையும் பஞ்சுல சுத்தி அடுக்கி எடுத்துட்டு வந்திருக்கீங்க.

சோணைமுத்து: பஞ்சு இல்ல. பனியன் வேஸ்ட்டுத் துணி. என்ன பாக்குற? கை அதுபாட்டுக்குச் சுத்துச்சு. நான் நெனச்சா செஞ்சேன்?

முத்துப்பேச்சி: சரி விடுங்க.

சோணைமுத்து: நீ எதுக்கு டாக்டருகிட்ட முந்திரிக்கொட்ட மாதிரி இதச் சொன்ன?

முத்துப்பேச்சி: அவரு கேட்டாரு. வீட்டுல புள்ள வாயில வைக்கிற மாதிரி பெயிண்டு, தகரம், இரும்பு ஏதாச்சும் இருக்கான்னு. எங்க வீட்டுக்காரரு கட்டவெரல் ஒசரத்துல பட்டாளத்தாளுக நெறையா வச்சிருக்காரு, அதுக்குப் பெயிண்டு அடிப்பாருன்னு சொன்னேன். பொய்யா?

சோணைமுத்து: வச்சிருக்கேன். எங்க வச்சிருக்கேன்? மேத்தட்டுல. கண்ணாடிக்குள்ள. நாலு வயசுப் புள்ளைக்கு எட்டுமா அது?

முத்துப்பேச்சி: எட்டாது.

சோணைமுத்து: பெறகென்ன?

முத்துப்பேச்சி: எட்டாதுன்னுதான சொல்றேன்.

சோணைமுத்து: நான் சொல்லட்டா? போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப தேர்க்கடையில ஒரு கண்மை வாங்குனியே. அதான். அதுல என்னத்தக் கலக்குறாகளோ.

முத்துப்பேச்சி: அந்த மை தீந்து பத்து மாசமாச்சு.

சோணைமுத்து: அதுக்கென்ன… ஒடம்புல தங்கியிருக்கும்.

முத்துப்பேச்சி: அப்ப நானும் சொல்லட்டா? நீங்க பிரிண்டிங் பட்டறையில நாள் பூரா சாயம் கலக்குறீங்க. சட்டையெல்லாம் பொடி. வீட்டுக்கு வந்ததும் வராததுமா அந்தச் சட்டையோடயே ஜோதியத் தூக்குறீங்க. கைய கழுவிட்டுத் தூக்குங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்?

சோணைமுத்து: பட்டறையில பதினோரு பேரு வேல பாக்குறோம். எல்லாத்துக்கும் புள்ள இருக்கு. எந்தப் புள்ளைக்கு இப்பிடி வந்துச்சு?

முத்துப்பேச்சி: எந்தப் புள்ளைக்குத்தான் எங்க மை போட்டு வந்துச்சு?

சோணைமுத்து: …சரி. மெதுவாப் பேசு. நர்ஸு வராங்க.

நர்ஸ்: நாகஜோதி அப்பா அம்மா நீங்கதானுங்க?

சோணைமுத்து: ஆமாங்க. எப்பிடிங்க இருக்கா?

நர்ஸ்: தூங்கறா கண்ணு. இன்னொருக்கா வலிப்பு வரலைங்க. ரத்தம் எடுத்து அனுப்பிச்சாச்சு, ரிசல்ட்டு இப்ப வந்துரும். எக்ஸ்ரே படமும் எடுத்திருக்காங்க. பொருளக் கொண்டாந்தீங்களா?

சோணைமுத்து: இந்தாங்க… பாத்துங்க. கொஞ்சம் கனம்.

நர்ஸ்: ஆமாங்க, பிஸ்கட் டப்பாதான்னு பாத்தா கல்லாட்டம் இருக்குது. தொறக்கலாங்களா? …ஏனுங்க, இதென்னங்க இது? சாமி பொம்மைங்களா?

சோணைமுத்து: இல்லீங்க. பட்டாளம். வேற கெரகத்துப் பட்டாளம்.

நர்ஸ்: வேற கெரகமா?

சோணைமுத்து: வெளிநாட்டுல டேபிள்ல பரப்பி, தாயக்கட்ட மாதிரி ஒண்ண உருட்டி, டேப்பு வச்சு அளந்து அளந்து நகத்தி, சண்ட வெளையாட்டு வெளையாடுவாகளாம். இருபது இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி செஞ்சதுங்க. எங்க யூனிட்டுக்கு, துணி வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி பக்கமிருந்து செக் பண்ண ஒரு வெள்ளக்காரர் வருவாரு, டென்னிஸ்னு பேரு. ஆறு வருசத்துக்கு முந்தி அவருதான் மொத டப்பா குடுத்தாரு.

நர்ஸ்: சும்மாவே குடுத்தாரா?

சோணைமுத்து: ஒரு சாம்பிள் துணிக்குக் கலரு ஷேடு சரியா வரல. மெசினு என்னமோ நம்பர் சொல்லுது, மாதிரியோட ஒட்டல. நான் கண்ணால பாத்து ஒரு சொட்டு கருநீலம் விட்டேன். ஒட்டிக்கிச்சு. அந்த மனுசன் என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அடுத்த தடவ வரும்போது இதக் கொண்டாந்துட்டாரு. ‘எனக்கு வயசாச்சு, கை நடுங்குது, உன் கண்ணுக்கு இது வேணும்’னாரு. ஒரு ஞாயித்துக்கெழம செக்கிங் டேபிள்ல ரெண்டு பேரும் பரப்பி வெளையாடுனோம். எனக்கு இங்கிலீசு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சாயந்திரம் வரைக்கும் வெளையாடுனோம்.

நர்ஸ்: இவனுக்கென்னங்க நாலு கை?

சோணைமுத்து: அவன் வேற சாதிங்க. பூச்சிப் படை. பழைய பெயிண்டு எல்லாம் ஊற வச்சு எடுத்துட்டு, அச்சுல வந்த பிசிற அரம் வச்சுத் தேச்சு, மொதல்ல வெள்ள அடிச்சு, அப்பறம் கலர். மடிப்புக்குள்ள கருப்பக் கரச்சு ஓட விட்டு, மேட்டுல காஞ்ச பிரஷால லேசா ஒரு இழுப்பு. அப்பத்தான் வெயிலு பட்ட மாதிரி இருக்கும். அந்தா, அந்தக் கொம்பு வச்ச தளபதி… அவனுக்காக ரெண்டு வருசம் காத்திருந்தேன். மீரா சாகிப்புன்னு நம்ம ஃப்ரெண்டு, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெட்டு சென்டர் வச்சிருக்காரு, அவருதான் தேடித் தேடி சீமையிலருந்து வரவழச்சுக் குடுத்தாரு. இப்ப வர்றதெல்லாம் வேற மாதிரிங்க, லேசா இருக்கும். பழசுதான் கனம். கையில எடுத்தாலே தெரியும்…

முத்துப்பேச்சி: போதும்.

சோணைமுத்து: அவங்க கேட்டாங்க, சொல்றேன்.

முத்துப்பேச்சி: புள்ள உள்ள கெடக்கா.

நர்ஸ்: இருக்கட்டும் விடுங்க. பயத்துல இருக்கறவங்க எதையாவது பேசிட்டுத்தான் இருப்பாங்க. நான் இத டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தர்றனுங்க. இங்கயே இருங்க.

முத்துப்பேச்சி: …என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இம்புட்டுப் பேசல நீங்க.

சோணைமுத்து: உங்கிட்ட என்னத்தச் சொல்ல? ‘அந்த ஊருல ஆளுக பச்சையா இருப்பாகளா’ன்னு சிரிப்ப.

முத்துப்பேச்சி: ஒரு தடவதான் கேட்டேன்.

சோணைமுத்து: பட்டறையில எல்லாத்துக்கும் ஷேடு கார்டு. அடுத்தவன் சொன்ன நெறம். கொஞ்சம் மாறுனா பீஸு ரிஜெக்ட்டு. இதுக்குக் கார்டு கெடையாது பேச்சி. அந்த ஊரு என்ன நெறம்னு யாரு போயிப் பாத்தா? நான் அடிச்சதுதான் நெறம்.

முத்துப்பேச்சி: ஜோதி எல்லாத்துக்கும் பேரு வச்சிருந்தா. தெரியுமா?

சோணைமுத்து: தெரியும். கூனன். மீன்மூஞ்சி. நாலு கையன்.

முத்துப்பேச்சி: கொம்பனுக்கு ‘மொதலாளி’ன்னு பேரு.

சோணைமுத்து: அது எனக்குத் தெரியாதே.

முத்துப்பேச்சி: போன மாசம் மீன்மூஞ்சியக் காட்டி இது யாருன்னேன். முழிச்சா. ‘அது… அது…’ன்னா. அப்பறம் அழுதா. தூக்கத்துல இருக்கான்னு நெனச்சேன். மட்டியா நான்…

சோணைமுத்து: வயித்துவலின்னு சொன்னப்ப பூச்சி மருந்து வாங்கிக் குடுத்தேன். நானும் மட்டிதான்.

முத்துப்பேச்சி: அந்தா வராங்க. டப்பாவக் காணோம்.

நர்ஸ்: உக்காருங்க, எந்திரிக்க வேண்டாம். ரிசல்ட்டு வந்திருச்சுங்க. ரத்தத்துல ஈயம் நெறைய இருக்குது. ரொம்ப நெறைய.

முத்துப்பேச்சி: ஈயமா? அது நல்லதுதானங்க? எங்க ஆத்தா ஈயச்சொம்புலதான் ரசம் வைக்கும். நாங்கெல்லாம் குடிச்சுத்தான வளந்தோம்.

நர்ஸ்: அது வெள்ளீயமுங்க. அது வேற. இது காரீயம். இந்தப் பழைய பொம்மைகள காரீயத்துலதான் வார்த்திருக்காங்க. பெரியவங்க கையில எடுத்தாக் கழுவிக்கலாம். சின்னப் புள்ள கடிச்சா, சப்புனா, உள்ள போயி ரத்தத்துல ஏறிரும். மூளைக்குப் போறதுனாலதான் இந்த வலிப்பு, மறதி எல்லாமே. வயித்துவலியும் அதேதான்.

சோணைமுத்து: பெயிண்டு அடிச்சிருக்குங்களே மேல. பெயிண்டு தாண்டி…

நர்ஸ்: கடிச்சாப் பெயிண்டு நிக்குங்களா? இந்தப் படத்தப் பாருங்க. வெளிச்சத்துக்கு நேராப் புடிக்கறேன். இது வயிறு. இங்க வெள்ளையா ஒரு சின்னத் துணுக்கு தெரியுதுங்களா?

முத்துப்பேச்சி: அய்யோ… என்னங்க அது?

சோணைமுத்து: நாலு கையனோட துப்பாக்கி முனை.

நர்ஸ்: பாத்ததும் சொல்லிட்டீங்க. எப்ப ஒடஞ்சுதுங்க?

சோணைமுத்து: …கவனிக்கலீங்க.

நர்ஸ்: வெளிய வர்றதுக்கு மருந்து குடுத்திருக்குது. வரலைன்னா எடுக்கணும். ரத்தத்துல இருக்கறத எறக்கறதுக்கும் இன்னைக்கே ஊசி ஆரம்பிக்கறாங்க. உசுருக்குப் பயமில்லைன்னு டாக்டர் சொல்றாரு. பேச்சும் நெனப்பும் எந்தளவுக்குத் திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாதுங்களாம்.

முத்துப்பேச்சி: பள்ளிக்கொடத்துல சேக்கணும்னு வச்சிருக்கோம்…

நர்ஸ்: பாப்போம் கண்ணு. ஒண்ணு மட்டும் சரியா வேணுங்க. எப்ப இருந்து வாயில வச்சா? எத்தன மாசம்? அத எழுதணும். யோசிச்சு வைங்க, உள்ள ஊசிக்குக் கையெழுத்து வாங்கற தாள எடுத்துட்டு வந்தர்றேன்.

முத்துப்பேச்சி: என்னங்க.

சோணைமுத்து: ம்.

முத்துப்பேச்சி: அவங்க வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிருறேன்.

சோணைமுத்து: என்ன?

முத்துப்பேச்சி: எட்டாதுன்னு சொன்னேன்ல. அவளுக்கு எட்டாது. எனக்கு எட்டும். தீவாளி கழிஞ்சு வீட்டுல பிசிறு வெட்டுறதுக்கு பனியன் பீஸு வாங்கிப் போட்டேன்ல. கட்டுக் கட்டாக் கெடக்கும். இவ வந்து கத்தரியப் புடுங்குவா. ரெண்டு தடவ வெரல வெட்டிக்கிட்டா. நீங்க வேலைக்குப் போனதும் நான்தான் அந்தக் கண்ணாடியத் தொறந்து எடுத்துக் குடுப்பேன். அதுகளக் குடுத்தா அவ அசைய மாட்டா. வரிசையா நிப்பாட்டிப் பேசிக்கிட்டே இருப்பா. நீங்க வர்றதுக்கு முன்ன தொடச்சு, வச்ச மாதிரியே வச்சிருவேன். உங்களுக்குத் தெரிஞ்சா ஏசுவீங்கன்னு…

சோணைமுத்து: வாயில வச்சதப் பாத்தியா?

முத்துப்பேச்சி: பாத்தேன். எந்தப் புள்ள வாயில வைக்கல? வெசம்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஏசுங்களேன். இப்பிடி இருக்காதீங்க. கையவாச்சும் ஓங்குங்க.

சோணைமுத்து: எதுக்கு ஏசணும்.

முத்துப்பேச்சி: நான்தான எம் புள்ளைக்கு எடுத்து எடுத்துக் குடுத்தேன். தெனம். மை, சாயம்னு வேற வாய் கூசாமப் பேசிக்கிட்டு இருந்தேன்.

சோணைமுத்து: பேச்சி… நிறுத்து. நர்ஸு வந்துட்டாங்க.

நர்ஸ்: இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணுங்க. யோசிச்சீங்களா? எப்ப இருந்து?

முத்துப்பேச்சி: தீவாளிக்கு அப்பறம்ங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது. இவரு பாவம், மேல பத்திரமாத்தான் வச்சிருந்தாரு.

நர்ஸ்: அழுவாதீங்க. தெரியாமக் குடுத்ததுதானுங்க. அப்ப ரெண்டு மாசம்னு எழுதிக்கட்டுங்களா? …ஏனுங்க அப்பா, நீங்க சொல்லுங்க. ரெண்டு மாசந்தானுங்களே?

சோணைமுத்து: இல்லீங்க. ஆடி மாசம்னு எழுதுங்க. இவ குடுக்குறதுக்கு முந்தியே. ஞாயித்துக்கெழம நான் பெயிண்டு அடிக்கையில பக்கத்துலயே உக்காந்திருப்பா, காய வச்சத எடுத்துக் கடிப்பா. மொத தடவ கூனன் தலையில நாலு பல்லுத் தடம் இருந்துச்சு… அரிசி மாதிரிச் சின்னப் பல்லு. இவளுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் தூக்கி வெளிய போட்டுருவான்னு, அரம் வச்சுத் தேச்சு மேல பச்ச அடிச்சேன். அதுக்கப்பறம் வாரா வாரம் தடம் இருக்கும்ங்க. வாரா வாரம் தேச்சு, வாரா வாரம் அடிச்சேன். போன வாரம் நாலு கையனுக்குத் துப்பாக்கி முனையக் காணோம். குண்டூசிய வெட்டி ஒட்டி, அதுக்கும் அடிச்சு, மேத்தட்டுல வச்சிட்டேன்.