தங்கைக்கு நான் பார்த்த டாக்டர்

ஒரு ஜோடி செருப்பு வாங்கப் போகிறவர்கூட மூன்று கடை ஏறி இறங்குவார். போட்டுப் பார்ப்பார், நாலு தப்படி நடந்து பார்ப்பார், குதிகாலைக் கடிக்கிறதா என்று யோசிப்பார். அதே ஆள் தன் முகத்தை அறுத்துத் தைக்க ஒரு டாக்டரைத் தேடும்போது, வரவேற்பறை சோபா மெத்தென்று இருந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார். கேலிக்காகச் சொல்லவில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு எழுதிய கடிதங்களைப் படிப்பதுதான் என் வேலை.

விசாரணை அதிகாரி நீங்கள், என் வேலையை ஏற்கெனவே குறித்து வைத்திருப்பீர்கள். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் மீது வருகிற புகார்களை வாங்கி, பதிந்து, விசாரணைக் குழுவின் முன் வைக்கிற பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். குழு மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை கூடும். எந்தக் கோப்பு குழுவுக்குப் போக வேண்டும், எது விளக்கம் கேட்டுக் காத்திருக்க வேண்டும் என்று பிரித்துக் கட்டுவது நான்.

அழகு சிகிச்சைப் புகார்களுக்குத் தனி அலமாரி இருக்கிறது. மற்ற அலமாரிகளில் இருப்பவர்கள் நோயாளிகள். குழந்தைக்குக் காய்ச்சல், அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று டாக்டரிடம் ஓடியவர்கள். இந்த அலமாரியில் இருப்பவர்கள் ஒரு குறையும் இல்லாமல் நடந்துபோய்ப் படுத்தவர்கள். கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "டாக்டர் பார்க்க ரொம்ப நல்லவராகத் தெரிந்தார்." அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வரும்.

என் தங்கை என்னைவிட ஏழு வயது சின்னவள். வீட்டில் எல்லோரும் சின்னு என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் இருவருக்கும் அப்பாவின் மூக்கு. நடுவில் ஒரு சின்ன மேடு, நுனி லேசாகக் கீழே இறங்கியிருக்கும். முப்பத்தாறு வயது வரை சின்னு அதே மூக்கோடுதான் காதலித்தாள், கல்யாணம் செய்தாள், ஒரு பெண் குழந்தையும் பெற்றாள். பிறகு அவள் வேலை பார்த்த மரச்சாமான் கடையில் முன்மேசைக்கு ஒரு இளம்பெண்ணைப் போட்டுவிட்டு, இவளைப் பின்னறையில் ரசீது போட உட்கார வைத்தார்கள். அன்று கண்ணாடியைப் பார்த்தவள்தான். கடை முதலாளியின் புத்தியில் இருந்த கோணல் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்கில் இருந்த கோணல் தெரிந்தது.

"நீ இந்தத் துறையிலேயே இருக்கே. நீயே ஒரு நல்ல டாக்டரா பாருக்கா" என்றாள்.

பார்த்தேன். அதுவரை நான் நல்ல அக்காதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த புகார்களில் ஒருமுறைகூடப் பெயர் அடிபடாத ஒரு டாக்டரம்மாவிடம்தான் முதலில் கூட்டிப்போனேன். அறுபது வயதிருக்கும். நகத்தை ஒட்ட வெட்டிய கை. சின்னுவின் மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மூச்சு நல்லா போய் வருதா?"

"வருது டாக்டர்."

"அப்ப அது தன் வேலையை ஒழுங்கா செய்யுது. செய்யணும்னா செய்யலாம். ஆனா மூணு மாசம் யோசிச்சிட்டு வாங்க. இங்க செய்ய மாட்டேன், பெரிய ஆஸ்பத்திரியிலதான் செய்வேன். மயக்க மருந்து கொடுக்கறவங்களை முன்னாடியே வந்து பாத்துடணும்."

படியிறங்கும்போதே சின்னு ஆரம்பித்துவிட்டாள். "ஒரு சிரிப்பு உண்டா அந்தம்மா முகத்துல? சுவத்துல சுண்ணாம்பு உரியுது. சொந்த கிளினிக்கையே அழகா வச்சுக்கத் தெரியல, என் மூஞ்சிய என்ன பண்ணப் போறாங்க?"

என் தங்கையின் அறிவு அவ்வளவுதான்.

அடுத்த டாக்டரை அவளே கண்டுபிடித்தாள், செல்போனில். எங்கள் பிரிவில் அவருக்கு மீன்தொட்டி என்று பெயர். அவர் கிளினிக்கின் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க மீன்தொட்டி இருப்பதாகப் புகார்க் கடிதங்களில் தவறாமல் ஒரு வரி வரும். அவர் மீது அப்போது இரண்டு புகார்கள் நிலுவையில் இருந்தன. ஒரு பெரியவருக்கு இமையைச் சரிசெய்யப்போய், அவர் இப்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார். ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சை மேசையில் மூச்சு நின்று, திரும்பி வந்தபோது பாதி ஞாபகம் வரவில்லை. மயக்க ஊசி போட்டவன் அதற்குப் படித்தவனே இல்லை, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ள ஒரு உதவியாளன் என்று அவள் கணவர் எழுதியிருந்தார்.

பார்த்துவிட்டு வரட்டும், வெளியே வந்ததும் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று கூடவே போனேன். அவள் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க எனக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது. அக்கா தங்கைக்குள் அது சகஜம்.

போவதற்கு முன் ஒரு நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டாள். எங்கோ படித்திருக்கிறாள். எத்தனை வருட அனுபவம், இதே சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், தழும்பு தெரியுமா, ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள், மயக்க மருந்து கொடுப்பவர் யார். நல்ல கேள்விகள். அவளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது எனக்கே ஆச்சரியம்.

மீன்தொட்டி நல்ல உயரம். பற்கள் பீங்கான் போல இருந்தன. உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே சின்னுவின் முகத்தைத் திரையில் ஏற்றி, மூக்கைச் சுட்டுவிரலால் தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கிக் காட்டினார். அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. வாயைத்தான் திறந்து வைத்திருந்தாள்.

"என்ன காரணத்துக்காக செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார் அவர்.

சின்னு செல்போனை எடுத்து, ஒரு படத்தைத் தேடி, மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினாள். "பத்து வருஷத்துல நான் இப்படி ஆயிடக் கூடாது டாக்டர். அவ்வளவுதான்."

அவர் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். போன மாதம் அவள் மகளின் பள்ளி விழாவில் எடுத்தது. நான் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"புரியுது" என்றார் அவர்.

நான் செய்ததற்கு அதுதான் காரணம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முழுவதுமாகச் சொல்கிறேன். அது காரணமல்ல. ஒரு படம். அவள் அதை யோசித்துச் செய்திருக்க மாட்டாள், அவள் எதையுமே யோசித்துச் செய்பவள் அல்ல. அன்று என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. சாம்பல் நிறம், கருப்புக் கரை.

வீட்டுக்குத் திரும்புகிற பேருந்தில் கேட்டாள். "உங்க ஆபீஸ்ல இவர் மேல ஏதாவது கம்ப்ளெயின்ட் இருக்காக்கா?"

நிலுவையில் உள்ள புகாரை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. என் வக்கீல் அதைச் சொல்லச் சொன்னார். ஆனால் வாயை மூடிக்கொள் என்றுதான் விதி சொல்கிறது, பொய் சொல் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். "ஒண்ணும் இல்லடி. சுத்தமான ஆளு" என்றேன்.

"மயக்க மருந்து யார் தர்றாங்கன்னு கேக்க மறந்துட்டேனே. போன் பண்ணிக் கேக்கவா?"

"அதெல்லாம் எல்லா இடத்துலயும் ஒழுங்காத்தான் இருக்கும். அதைப் போய்க் கேட்டா அவரை நம்பாத மாதிரி ஆயிடும்."

அவள் பேனாவை எடுத்து அந்தக் கேள்வியை அடித்தாள். பேருந்து குலுங்கியதில் கோடு வளைந்துபோனது.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு மயக்க மருந்து நிபுணர். மீன்தொட்டியின் கிளினிக்கிலிருந்து ஆறு மாதம் முன்பே விலகிவிட்டதாகவும், பலகையில் தன் பெயர் இன்னும் இருப்பதாகவும், தகுதியில்லாத ஒருவன் அங்கே ஊசி போடுவதாகவும், யாராவது சாவதற்குள் தடுக்கும்படியும் எழுதியிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை குழு கூடுகிறது. அந்தக் கடிதம் போயிருந்தால் அன்றைக்கே கிளினிக்கை மூடியிருப்பார்கள். சின்னுவுக்குத் தேதி கொடுத்திருந்தது பத்தொன்பதாம் தேதி.

கடிதத்தைப் பதிந்தேன். எண் போட்டேன். விளக்கம் கேட்டுக் காத்திருப்பவை என்ற கோப்புக் கட்டுக்குள் வைத்துக் கட்டினேன். ஒரு மாதம் அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நடுவில் இன்னொன்றும் வந்தது. பதினாறாம் தேதி. ஒரு பள்ளி ஆசிரியை, கழுத்துச் சதையைக் குறைக்கப் போனவர். பாதியில் மூச்சுத் திணறி, எப்படியோ பிழைத்துவிட்டார். வலது கை நடுக்கம் நிற்கவில்லை, கரும்பலகையில் எழுத முடியவில்லை என்று அவர் கணவர் எழுதியிருந்தார். புருவத்தில் தழும்புள்ள ஆள் இந்தக் கடிதத்திலும் இருந்தான். படித்தேன். அதே கட்டுக்குள் வைத்தேன். எழுத்துப் பிழை நிறைய இருந்தது.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று நேற்று கேட்டீர்கள். மூக்கு கொஞ்சம் கோணலாக வரும், நாலு நாள் அழுவாள், முகத்தில் ஒன்றும் இல்லை என்று புரிந்துகொள்வாள், அவ்வளவுதான் என்று சொன்னேன். அதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அது சரியில்லை, அடித்துவிடுங்கள். கோணல் மூக்கைப் பற்றி அந்தக் கட்டுக்குள் ஒரு கடிதம்கூட இல்லை.

பத்தொன்பதாம் தேதி காலை நான்தான் கூடப் போனேன். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீங்க கூட இருக்கறது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமாக்கா" என்று போனில் சொன்னார். சம்மதப் படிவத்தில் சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, முடியைத் துணித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் எட்டவில்லை. சின்ன வயதில் சலூன் நாற்காலியில் உட்காருவாள், அதேபோல.

"பயமா இருக்குக்கா" என்றாள்.

"ம்."

"நீ சொல்லு. வேண்டாம்னா இப்பவே எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்."

அப்போது ஒருவன் தட்டில் ஊசிகளை வைத்து எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து உள்ளே போனான். இடது புருவத்தில் தழும்பு இருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னத் தழும்பு. கடிதங்களில் எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் எழுதுவார்கள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்னடி" என்றேன். தொப்பிக்கு வெளியே தெரிந்த முடியை உள்ளே தள்ளிவிட்டேன்.

அவள் என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் வரவேற்பறையில் அந்தச் சுவர் மீன்தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருக்கும். உள்ளே ஏதோ தட்டு விழுந்தது. யாரோ ஓடினார்கள். வரவேற்பில் இருந்த பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, முகவரியைத் தப்பாகச் சொல்லி, மறுபடி சொன்னாள். பீங்கான் பல்காரர் வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போனார்.

சின்னு சாகவில்லை. மூளைக்குக் காற்றுப் போகாமல் பதினோரு நிமிடம் இருந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஐந்து மாதமாகிறது. கண் சில சமயம் திறக்கும், யாரையும் பார்க்காது. மூக்கில் கத்தி படவே இல்லை. வேலை ஆரம்பிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தினமும் சாயங்காலம் நான்தான் போய் முகம் துடைத்துவிடுகிறேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். "நீங்க இல்லேன்னா நாங்க என்னக்கா ஆவோம்" என்பார். அவருக்கும் எதையும் யோசிக்கிற பழக்கமில்லை. அவர்கள் மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் கண்ணாடிமுன் நின்று, "என் மூக்கு நல்லா இருக்கா பெரியம்மா" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நானாக ஏன் வந்தேன் என்று உங்களுக்குப் புரியவில்லை. மனசாட்சி உறுத்தியதா என்று நாகரிகமாகக் கேட்டீர்கள். இல்லை. நான் வந்தது உங்கள் அறிக்கையின் நகல் எங்கள் பிரிவுக்கு வந்ததால். எல்லாப் பழியையும் அந்த டாக்டர் மேல் போட்டிருக்கிறீர்கள். அந்த ஆளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. பல்லைக் காட்டவும் திரையில் விரலைத் தேய்க்கவும் தெரியும், வேறொன்றும் தெரியாது. இத்தனை டாக்டர்களில் அவரைத் தேர்ந்தெடுத்தது நான். எல்லாவற்றையும் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, என்ன நடக்கும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தேன். என் தங்கைக்காக யாரும் அவ்வளவு கவனமாக ஒரு டாக்டரைப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். பதினான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. மயக்க மருந்து நிபுணரின் கடிதம் "அலுவலகத்தின் கவனக்குறைவால்" தாமதமானது என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே என்று மாற்றிவிடுங்கள். இருபத்திரண்டு வருட வேலையில் என் பெயருக்கு எதிரே கவனக்குறைவு என்று ஒரு குறிப்பு வந்தது கிடையாது. பார்ப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?