மூன்றாவது டேக்கில் கால் அசைந்தது

என் பெயரும் வீட்டு விலாசமும் இந்தத் தாளின் மேல்பகுதியில் எழுதப்பட்டுள்ளன. வயது இருபத்து மூன்று. அப்பா லாரிகளில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். குறைந்த செலவில் எடுக்கப்படும் ஒரு பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்தில் ஏழு வாரங்களாக உதவி இயக்குநராக இருக்கிறேன். ஒரு டேக்கில் நடிகரின் கை, கால், உடை இருந்தபடியே அடுத்த டேக்கிலும் இருக்கின்றனவா என்று பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, வாடகை வீட்டின் மாடி அறையில், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, பேய் பிடித்த பெண்ணைக் கட்டிலோடு கட்டிவைக்கும் காட்சியை எடுக்கத் தொடங்கினோம். அந்த வேடத்தில் நடித்தவரை நாங்கள் அக்கா என்றுதான் அழைப்போம். அவருடைய கண்களுக்கு வெள்ளை லென்ஸ் போட்டிருந்ததால் அவருக்குப் பார்வை தெரியாது. வாயில் கறுப்புச் சாயம் கலந்த சர்க்கரைப் பாகு ஊற்றுவார்கள். கட்டும்போது அக்கா என்னிடம், "விரட்டின பேய் ஏன் திரும்பி வந்துச்சு தெரியுமா? முதல் பாகம் ஓடிடுச்சு, அதான்" என்றார்.

"மூச்சு முட்டுது, விடுங்க" என்பது அவருடைய வசனம். அதனால் நிஜமாகவே மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று அவரே கேட்டார். குதிகாலால் கட்டில் பலகையை மூன்று முறை தட்டுவது, சத்தம் கேட்டதும் நிறுத்துவது என்று முடிவானது. அப்போது நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

முதல் டேக்கில் கட்டில் கிறீச்சிடுவதாக ஒலிப்பதிவாளர் சொன்னார். அதன் பிறகு அக்காவின் கால்களுக்கு அடியில் தடித்த பஞ்சு மெத்தை ஒன்றை வைக்கச் சொன்னார்கள். வைத்தது நான். தட்டினால் இனிக் கேட்காது என்று எனக்கும் தோன்றவில்லை, வேறு யாரும் சொல்லவும் இல்லை. இரண்டாவது டேக்கில் அவர் கால்களை அசைக்காமல் விறைப்பாகக் கிடந்தார். நோட்டில் "கால் அசைவில்லை" என்று எழுதினேன்.

அதன் பிறகு மூன்றாவது டேக்கில், வசனம் முடிந்ததும் அவருடைய வலது குதிகால் மெத்தையில் மூன்று முறை விழுந்தது. சத்தம் வரவில்லை. "கால் அசைகிறது, இரண்டாவது டேக்கோடு பொருந்தாது" என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் குதிகால் மறுபடியும் மூன்று முறை விழுந்தது. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தன்னைத் தவிர வேறு யாராவது "கட்" என்று கத்தினால் அத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இயக்குநர் முந்தின நாள் சொல்லியிருந்தார். நான் பேனாவைப் பிடித்தபடியே நின்றேன். மானிட்டர் முன்னால் இருந்த இயக்குநர் மெதுவாக, "அப்படியே போகட்டும், பிரமாதம்" என்றார். அக்காவின் வாயோரம் குமிழிகள் வந்தன. பிறகு வரவில்லை.

அதன் பிறகு இயக்குநர் "கட்" சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். லென்ஸை எடுக்கக் குனிந்த மேக்கப்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கயிறுகளை அறுத்து, கேமரா வேனிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பாகு மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். இதுவரை அவர் கண் திறக்கவில்லை.

அதன் பிறகு மருத்துவமனை வராந்தாவில் இயக்குநர் என் அருகில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடும்மா. நீ பாக்கலைன்னா யாருமே பாக்கலை" என்றார். நான் எழுந்து பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, அவருடைய காலடிச் சத்தம் போகும்வரை நின்றேன். நோட்டை முழுதாக இங்கே காவல் நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைக் காவல் அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "இரண்டாம் முறை தட்டியதை நான் கவனிக்கவில்லை" என்று இருந்தது. பயத்தில் முதலில் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அதை அடித்துவிட்டு, தெரிந்தே நின்றேன் என்று எழுதச் சொன்னேன். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் இருக்கும் கையெழுத்தும் இந்த அடியில் இருக்கும் கையெழுத்தும் என்னுடையவை. இனி மாற்றச் சொல்ல எதுவும் இல்லை, நடந்தது இதுதான்.

(கையொப்பம்)