எறங்கிப் பாத்த மாசிலாமணி

ஏட்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை. செயசீலி கடைக் கருப்பட்டியில கலப்படமாம், யாரோ படம் அனுப்பியிருக்காவளாம். கோயில் அசன விருந்துக்குக் கத்திரிக்காய் வெட்ட உக்காந்ததுல இருந்து உங்களுக்கு அதே பேச்சு. கை வெட்டட்டும், காதை மட்டும் எங்கிட்ட குடுங்க.

முன்ன முன்ன, இந்தத் தார் ரோடு இல்லாம தேரிச் செம்மணலே பாதையாக் கெடந்த காலத்துல, நம்ம செந்தேரிவிளையில மாசிலாமணின்னு ஒரு பனையேறி இருந்தாராம். ஏறுறதுல அவரை அடிக்க ஆள் கெடையாதாம். மூஞ்சி பூரா அம்மைத் தழும்பு. பொண்டாட்டி பேரு திர்சாள். அவ அழகை எங்கிட்ட கேக்காதீங்க, நான் பாக்கல. ஆனா அவ வேதக்கோயிலுக்குள்ள வந்தா உபதேசியாருக்கே வாசிக்கிற வரி தப்பிப் போவுமாம். அப்படிச் சொல்லுவாவ.

அழகான பொண்டாட்டி கெடச்சா மனுஷன் சந்தோஷமா இருக்கணுமா இல்லையா? இவருக்குப் பொறாமை. தின்னாலும் பொறாமை, படுத்தாலும் பொறாமை. பிரசங்கத்துக்கு அவ தலையாட்டினா, "அந்தாளு சொல்லுறதுக்கு அப்படி என்னட்டி ஆட்டம்?"னு வீட்டுல வந்து சண்டை. ஆனா உபதேசியாரெல்லாம் சும்மா. அவரு வயித்துல கெடந்து எரிஞ்ச பேரு ஒண்ணே ஒண்ணு, தங்கப்பழம்.

தங்கப்பழம் பக்கத்து விடிலிக்காரன். விடிலின்னா பதனி காய்ச்சுற ஓலைக் குடிசை. அவனும் பனையேறிதான். சுருட்டை முடி. கோயில்ல அவன் பாட்டெடுத்தா வெளிய போற ஆளும் நின்னு கேக்குமாம். போதாக்குறைக்கு, திர்சாளை மொதல்ல பொண்ணு கேட்டது அவன் வீட்டுலதான். என்னமோ வாய்ப்பேச்சு தடிச்சு அது நின்னு போச்சு. அவ மாசிலாமணிக்கு வந்தா. பிள்ளையும் பெத்தா, கிருபைன்னு ஒரு பொம்பளைப் பிள்ளை, தத்தித் தத்தி நடக்கிற பருவம். அதுக்குப் பொறவும் இவருக்கு நிம்மதி இல்ல, பாத்துக்கோங்க.

அந்தக் காலத்துல சேதி எப்படிப் போவும்னு நெனைக்கிய? பனைக்கு மேலயேதான் போவும். வடக்கு விளையில ஒருத்தன் மரத்து உச்சியில இருந்து கூவுவான். அடுத்த பனைக்காரன் அதை வாங்கி அடுத்தவனுக்குக் கூவுவான். கீழ ஒருத்தன் நடந்து போறதுக்குள்ள சேதி தெக்குக் கடைசிக்குப் போயிருமாம். நம்ம ஆளுவளுக்கு அதுல அம்புட்டுப் பெருமை. ஆனா ஓலைச் சத்தம் ஒரு பக்கம், கடக்காத்து ஒரு பக்கம். கேட்டது பாதி, கேக்காதது பாதி. கேக்காத பாதியைச் சும்மா விடுவானா? கையில இருந்து போட்டு நிரப்புவான்.

அப்படி ஒருநாள் ஒரு கூவல் வந்துச்சாம். "ஏ மாசிலாமணி, ஒம் பொண்டாட்டி தங்கப்பழத்துகிட்ட சிரிச்சிச் சிரிச்சிப் பேசுதா!" அவ்வளவுதான். சாயங்காலம் வந்து சோத்துச் சட்டியைத் தள்ளி விட்டாராம். திர்சாள் அழல. "எறங்கி வந்து பாத்தியளா? நம்ம ஆட்டுக்குட்டி அவன் விடிலிக்குள்ள போயி காயப்போட்ட வேட்டியைத் தின்னுது. பாத்திருந்தா நீங்களுந்தான் சிரிச்சிருப்பிய"ன்னாளாம்.

அவளுக்கு எழுத்து தெரியும், அவருக்குத் தெரியாது. வேதப் புஸ்தகத்தை எடுத்து மடியில வச்சிக்கிட்டுக் கேட்டாளாம். "சோதோம்காரனைப் பத்திக் கூக்குரல் எட்டினப்போ ஆண்டவரு மேல இருந்தே தீயைக் கொட்டினாரா? 'நான் எறங்கிப் போயிப் பாத்து அறிவேன்'னாரு. எல்லாந் தெரிஞ்ச அவரே எறங்கினாரே, நீங்க ஒரு பனையை விட்டு எறங்க மாட்டியளா?"

"எழுத்து தெரிஞ்ச திமிரு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிட்டாராம். அன்னையில இருந்து அவ அந்தப் புஸ்தகத்தை மடியில வச்சிருந்தாக்கூட அவருக்குப் பொறாமையாம். எனக்கே அந்த மனுஷன் மேல கோவங்கோவமா வரும்.

வைகாசி மாசம், பதனி நல்லா ஊறுற நேரம். மாசிலாமணி தெக்கு விளையில பனை மேல இருக்காரு. பாக்காரு, தங்கப்பழத்தோட பனையில ஆளக் காணல. 'இவன் எங்க போனான்?' அந்த நெனைப்பு வந்ததும் பாளை சீவுற கை நின்னு போச்சு. அப்போ வடக்க இருந்து கூவல் வருது.

"மாசிலாமணீ! திர்சாளும் தங்கப்பழமும் தேரிப் பாதையில போறாவ! அவன் கையில துணிமூட்டை! திரும்பிப் பாக்காமப் போறாவ!"

பாளை அருவாளோட பாதி மரம் சறுக்கியே வந்தாராம். நெஞ்சுத் தோலு உரிஞ்சி போச்சு. ஓடுதாரு. ஓட ஓட ஒவ்வொரு பனை மேல இருந்தும் ஒரு குரலு. "நகையெல்லாம் எடுத்துட்டுப் போறாளாம்!" இன்னொரு பனை. "கடக்கரையில தோணி நிக்காம், கொழும்புக்காம்!" ஒருத்தன்கூடக் கீழ எறங்கல. இவரும் ஒருத்தன்கிட்டயும் நின்னு கேக்கல. ஏன் கேக்கணும்? அவருக்கு அது புதுச்சேதி இல்லியே. மனசுக்குள்ள அவரு தெனமும் சொல்லிக்கிட்டிருந்ததை இன்னைக்கு ஊரு சொல்லுது.

குறுக்க விழுந்து தேரி மேட்டுல ஏறிட்டாரு. கீழ பாதையில ரெண்டு பேரும் வாறாவ. மூட்டையை அவன் நெஞ்சோட அணைச்சிருக்கான். ஆடி ஆடிச் சொகுசா நடக்கான். திர்சாள் முந்தானையால அவன் நெத்தி வேர்வையைத் தொடைச்சி விடுதா. என் நெத்தியை என்னைக்காவது தொடைச்சாளான்னு நெனைச்சாராம். கண்ணு இருட்டிப் போச்சு. ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுருவோம்னு அருவாளை இறுக்கிப் பிடிச்சாராம்.

அப்போ காதுக்குள்ள அவ குரலே கேக்குது. 'ஒரு பனையை விட்டு எறங்க மாட்டியளா?'

பாத்தா, அவரு இன்னும் மேட்டு மேலதான் நிக்காரு.

மனசு மாறி எறங்கினாருன்னு நெனைக்காதீங்க. அவ சொன்ன நியாயம் பொய்யின்னு அவ மொகத்துக்கு நேரா காட்டிட்டு வெட்டணும்னுதான் எறங்கினாராம். ஆனா எறங்கினாரு. கிட்டக்கப் போனாரு. துணிமூட்டை நனைஞ்சிருக்கு. அதுக்குள்ள இருந்து ஒரு சின்னக் காலு வெளிய தொங்குது. காலுல தண்டை. அவரே வாங்கிப் போட்ட தண்டை.

கிருபை, கொதிக்கிற பதனிக் கொப்பரையில சரிஞ்சி விழுந்துட்டா. காலுல முள்ளு குத்தினதால அன்னைக்குப் பனை ஏறாம பக்கத்து விடிலியில கெடந்த தங்கப்பழம், ஓடி வந்து கையை உள்ள விட்டுத் தூக்கியிருக்கான். மேட்டுல இருந்து பாத்தப்போ சொகுசாத் தெரிஞ்ச நடை, நொண்டல். அவன் ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் தோலு இல்ல.

திர்சாள் புருஷனைப் பாத்தா. அருவாளையும் பாத்தா. "வந்துட்டியளா! உங்களுக்குச் சொல்லச் சொல்லி வடக்குப் பனையைப் பாத்துக் கத்திட்டு வந்தேன். சேதி கெடச்சிதா? எனக்குக் காலு நடுங்குதுன்னு இவரு சொமந்துட்டு வாறாரு. அந்த அருவாளைப் போட்டுட்டுப் பிள்ளையை வாங்குங்க, இவரு கை தாங்காது."

அந்த அருவாளை வீசினாரு பாருங்க, பாதையோரம் நின்ன பனையில போயி எறங்கிட்டு. பிள்ளையை வாங்கிக்கிட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. பிள்ளை பொழைச்சிட்டா. தங்கப்பழத்துக்குக் கை ஆறுச்சி, ஆனா விரலு மடங்கல. பனையைக் கட்டிப் பிடிக்க முடியல.

பொறவு மாசிலாமணி ஒவ்வொரு பனைக்குக் கீழயும் போயி நின்னாராம். "நீ கண்டியால?" "இல்ல, கேட்டேன்." "நீ கண்டியா?" "நானும் கேட்டதுதான்." கடைசியா வடக்குப் பனைக்காரன். "மூட்டையைக் கண்டேன் அண்ணே. அவ என்னமோ கத்தினா, காத்துல கேக்கல. உள்ள என்ன இருந்துச்சின்னு நான் பாக்கல"ன்னு அழுதானாம். இவரு அவனை ஒரு வார்த்தை வையல. "நானும் மேல இருந்துதாம்ல பாத்தேன்"னாராம்.

அன்னையில இருந்து தங்கப்பழத்தோட பனையும் அவருதான் ஏறினாரு, சாவுற வரைக்கும். தெனமும் அவன் விடிலியில பதனியை ஊத்திட்டுத்தான் தன் விடிலிக்கு வருவாராம். பொறாமை போச்சான்னு கேக்கியளா? எங்க போச்சு! கெழடு தட்டின பொறவும், அவனோட திர்சாள் சிரிச்சா இவருக்கு எரியுமாம். ஆனா எரிஞ்சதும் நேரா எறங்கி வந்து, "ஏட்டி, என்ன சிரிப்பு?"ன்னு கேட்டுருவாராம். அவளும் இன்னதுன்னு சொல்லுவா. கேட்டுட்டு மறுபடியும் மேல ஏறிருவாராம்.

பஸ் ஸ்டாப்புக்கு அங்கிட்டு நிக்கே, வாய்மூடிப் பனை, அந்த அருவா எறங்கின பனை அதுதான். வெட்டு இன்னும் கெடக்கு. நம்ம ஊர்ல மட்டும் பனையேறி மேல இருந்து சேதி சொல்ல மாட்டான். எம்புட்டு அவசரம்னாலும் எறங்கி, அருவாளைக் கீழ வச்சிட்டுத்தான் வாயைத் தொறப்பான். புதுசா ஏறுறவன் அந்த வெட்டுல கை வச்சிட்டுத்தான் மொதப் பனை ஏறுவான்.

பொழைச்சாளே கிருபை, அவதான் எங்க ஆச்சிக்கு ஆச்சி. அந்த மனுஷன் மேட்டுல இருந்து கண்டதையே நம்பி வெட்டியிருந்தா, திர்சாளும் இல்ல, அந்தப் பிள்ளையும் இல்ல, நானும் இல்ல.

செயசீலி கடை இந்தக் கோயிலுக்குப் பின்னாலதானே இருக்கு? கத்தியைக் கீழ வச்சிட்டு எந்திரிங்கட்டி. போயி அவகிட்டயே கேப்போம்.