திங்கட்கிழமைச் செய்திகளில் எவை என்னுடையவை

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் தனியே எழுதப்பட்டுள்ளன. வயது இருபத்து நான்கு. திருமணம் ஆகவில்லை. தகப்பனார் சரக்கு லாரி ஓட்டுகிறார், தாயார் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலைக்காக இந்த ஊரில் தனியாக ஓர் அறை எடுத்துக் குடியிருக்கிறேன். இங்குள்ள கால்பந்துக் கிளப்பின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு உதவியாளராக இருந்தேன். ஆய்வாளர் அழைத்ததன் பேரில் வந்து, எனக்குத் தெரிந்ததை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

மேற்படி கிளப் முன்பு உள்ளூர் மர வியாபாரி ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் திங்கட்கிழமைதோறும் காலைப் பயிற்சிக்கு முன் வீரர்கள் உடை மாற்றும் அறைக்கு வந்து நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போவாராம். நான் அவரைப் பார்த்ததில்லை. நஷ்டம் தாங்காமல் அவர் கிளப்பை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். புதிய முதலாளி ஒரே ஓர் ஆட்டத்துக்கு வந்து, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு உட்கார்ந்து, கையசைத்துவிட்டுப் போனார். பழைய வழக்கத்தை விடக்கூடாது என்று அவர் சொன்னதால், வாராவாரம் அவர் எழுதி அனுப்பும் செய்தியை அந்த அறையில் வாசிப்பதென்று ஏற்பாடானது. அவருடைய மொழி கிளப்பில் யாருக்கும் தெரியாது. நான் அந்த மொழியைத்தான் பட்டப்படிப்பாகப் படித்திருந்தேன், அதனால் வேலை கிடைத்தது. விவரம் சொன்னபோது என் தாயார், "பந்து விளையாடுற இடத்துல உனக்கு என்னடி வேலை, வெளியே போற பந்தைப் பொறுக்கிப் போடறதா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மின்னஞ்சல் வரும். நான் அதை மொழிபெயர்த்து எழுதிக்கொண்டு, திங்கள் காலை உடை மாற்றும் அறைக்கு வெளியே நிற்பேன். வீரர்களின் உடைகளைத் துவைத்து அடுக்கும் ஊழியரை எல்லோரும் சாக்ஸ் அண்ணன் என்பார்கள். எல்லோரும் உடுத்தி முடித்ததைப் பார்த்துவிட்டு அவர் கதவைத் திறப்பார். நான் கதவருகிலேயே நின்று வாசிப்பேன், முடிந்ததும் வந்துவிடுவேன். அதைத் தவிர அங்கே யாரோடும் எனக்குப் பேச்சில்லை. மதியம் உணவுக்கூடத்தில் சுவரை ஒட்டிய மேசையில் சாப்பிடுவேன். வீரர்கள் பேசிக்கொள்வது அங்கே நன்றாகக் கேட்கும்.

முதலாளியின் செய்திகள் சுருக்கமானவை. ஜெயித்தால் வாழ்த்து, தோற்றால் உழைப்பு போதாது என்று ஒரு வரி. முதல் தடவை சம்பளம் தாமதமானபோது, "நிலுவை முழுவதும் தரப்படும், அதற்கு நானே பொறுப்பு" என்று எழுதியிருந்தார். அதை உள்ளபடியே வாசித்தேன். பின்னால் வந்த சில செய்திகளிலும் அவர் அதையே திரும்பச் சொல்லியிருந்தார். அதன் பிறகு மேலாளர் வேலையை விட்டுப் போனார். கணக்கர் விடுப்பில் போனவர் திரும்பவில்லை. அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். தொலைபேசி அடித்தால் மின்சாரக் கட்டணம் கேட்பவர்களாக இருப்பார்கள், அல்லது தவறான எண்ணாக இருக்கும்.

அதன் பிறகு ஒரு ஞாயிறு மின்னஞ்சல் வரவில்லை. முதலாளியின் அலுவலகத்துக்கு எழுதினேன், தொலைபேசியில் கூப்பிட்டேன், பதிலில்லை. செய்தி எதுவும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் திங்கள் காலை போனேன். சாக்ஸ் அண்ணன் கதவைத் திறந்து, "வாம்மா வா. என்ன சொல்றாரு நம்ம ராசா? கடவுள் மாதிரி ஆயிட்டாரு. இருக்காருங்கறாங்க, யார் கண்ணுலயும் படமாட்டேங்கறாரு" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை. கையிலிருந்த வெற்றுத் தாளைப் பார்த்து, முந்தைய வாரத்து வாழ்த்தையே வார்த்தைகளை மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். யாரும் சந்தேகப்படவில்லை.

மறு ஞாயிறும் மின்னஞ்சல் வரவில்லை. கோல்கீப்பரின் மகளுக்குக் காதில் அறுவை சிகிச்சை நடந்தது என்று உணவுக்கூடத்தில் கேட்டிருந்தேன். குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று முதலாளி விசாரிப்பதாக எழுதி, திங்களன்று வாசித்தேன். கோல்கீப்பர் எழுந்து நின்று, "நல்லா இருக்கான்னு சார்கிட்ட சொல்லிடும்மா. கட்டுப் பிரிச்சாச்சு. இப்பல்லாம் மெதுவாக் கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாக்கறா" என்றார். சொல்கிறேன் என்றேன். வீரர்கள் கைதட்டினார்கள். சாக்ஸ் அண்ணன் என் பின்னாலேயே நடைவழிக்கு வந்து, "சம்பளம் தராதவன் இவ்வளவு பாசமாப் பேசி நான் பாத்ததில்லம்மா" என்றார்.

அதன் பிறகு வந்த வாரங்களிலும் நானே எழுதினேன். பயிற்சியாளரின் முழங்கால் வலி, ஒரு தடுப்பாட்டக்காரர் வீடு மாறியது, இன்னொருவரின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது என்று ஒவ்வொன்றாக முதலாளி பெயரில் விசாரித்தேன். அவர்கள் என்னிடம் பதில் சொன்னார்கள், சில சமயம் நெடுநேரம் சொன்னார்கள். பணத்தைப் பற்றி நான் எழுதியவற்றில் ஒரு வரியும் கிடையாது.

அதன் பிறகு, வீரர்கள் கிளப் மாறுவதற்கான கெடு முடியப் போகும் சமயத்தில், கோல்கீப்பர் அலுவலகத்துக்கு வந்தார். "வேற ஒரு கிளப்புல கூப்பிடறாங்க. சம்பளம் கம்மிதான், ஆனா கைக்கு வந்து சேரும். வீட்டுல போயிடலாம்ங்கறா. எனக்கும் வயசாகுது, இதை விட்டா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. சார் என்ன நினைக்கிறாருன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றியா?" என்றார். கேட்கிறேன் என்றேன். என் அபிப்பிராயத்தை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றே முதலாளியின் அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை. இரண்டு தாள்கள் எழுதி வைத்தேன். தாராளமாகப் போகலாம், வாழ்த்துகள் என்று ஒன்று. "நீங்கள் இல்லாத கோல் கம்பத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, எங்களோடு இருங்கள்" என்று மற்றொன்று. திங்களன்று இரண்டாவதை வாசித்தேன். சற்று நேரத்தில் அவர் நடைவழியில் நின்று அந்தக் கிளப்புக்குத் தொலைபேசி செய்து, வரவில்லை என்று சொன்னார். அதை மாடிப்படியில் நின்று கேட்டேன்.

அதன் பிறகு கம்பெனி திவாலானதாக அதன் சொந்த நாட்டில் அறிவித்தார்கள். மைதானத்தின் வாயில் பூட்டப்பட்டது. நிலுவைக்குத் தானே பொறுப்பு என்று வாக்களித்து முதலாளி ஏமாற்றியதாக வீரர்கள் புகார் கொடுத்தார்கள். தன் கட்சிக்காரர் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை, எல்லாம் அலுவலகப் பெண் இட்டுக்கட்டியவை என்று அவருடைய வக்கீல் பதில் கொடுத்தார்.

அதன் பிறகு சாக்ஸ் அண்ணனும் கோல்கீப்பரும் என் அறைக்கு வந்தார்கள். இருப்பது ஒரே நாற்காலி என்பதால் மூவரும் நின்றே பேசினோம். சாக்ஸ் அண்ணன், "நீ ஒண்ணும் பயப்படாதே. எல்லாமே அவன் அனுப்பினதுதான்னு அடிச்சுச் சொல்லு. இதுல ஒண்ணு என்னுதுன்னு நீ வாயைத் திறந்தே, மொத்தத்தையும் உன் தலையில கட்டிட்டுப் போயிடுவான். எங்க சம்பளமும் அதோட போச்சு" என்றார். கடைசியில் வந்த செய்திகளெல்லாம் நான் எழுதியவை என்று சொன்னேன். "நெனச்சேன்" என்றார் அவர். கோல்கீப்பர், "இருங்கன்னு சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பாப்பாவைப் பத்திக் கேட்டது?" என்றார். "அதுவும் நான்தான்ண்ணா" என்றேன். அவர் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "அதை என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமே" என்றார். அவர் படியிறங்கிப் போய்விட்டார். சாக்ஸ் அண்ணன், "கோவத்துல போறான். நான் சொன்னதை மட்டும் யோசி" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போனார்.

யோசித்தேன். எல்லாம் முதலாளி அனுப்பியவை என்று நான் சொன்னால், கடைசி வாரங்களுக்கு மின்னஞ்சல் இல்லை என்று அந்த வக்கீல் காட்டுவார், பிறகு உண்மையானவற்றையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே பிரித்துச் சொல்கிறேன். மின்னஞ்சல் நின்ற அந்த ஞாயிற்றுக்கு முன் வந்தவை முதலாளியுடையவை. சம்பள நிலுவைக்குத் தானே பொறுப்பு என்ற வாக்கு அவற்றில்தான் இருக்கிறது, அது அவர் வாக்கு. அவை அலுவலகக் கணினியில் அழியாமல் உள்ளன, திறப்பதற்கான கடவுச்சொல்லை ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு வாசிக்கப்பட்டவை என்னுடையவை. கோல்கீப்பர் வேறு கிளப்புக்குப் போகாமல் நின்றது என் சொல்லை நம்பி. அந்த நஷ்டத்தை முதலாளியின் பேரில் எழுதாமல் என் பேரில் எழுத வேண்டும்.

தூண்டியது யார் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, யாரும் இல்லை என்றேன். இதனால் எனக்கு ஆதாயம் உண்டா என்றதற்கு, இல்லை என்றேன். இரண்டு தாள்களில் அந்த ஒன்றை ஏன் வாசித்தேன் என்று கேட்டார். கோல்கீப்பர் போவதை நான் விரும்பவில்லை என்றேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

இப்படிச் சொன்னால் என்னையும் குற்றவாளியாகச் சேர்க்க நேரிடும் என்று எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டேன். மேலே உள்ளவை நடந்தது நடந்தபடி, யாரையும் காப்பாற்றுவதற்காகக் கூட்டியோ குறைத்தோ சொல்லப்படாதவை. ஆய்வாளர் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே முழுவதையும் சத்தமாக வாசித்து, சரியாக இருக்கக் கண்டு, என் பெயரில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
ஆய்வாளர்