கால் சுற்று

உங்கள் மேசைக்கடியில் ஓடும் அந்த வயரை ஓரமாகத் தள்ளி ஒட்டிவிடுங்கள், மேடம். யாராவது தடுக்கி விழுவார்கள். மன்னிக்கவும், தொழில் புத்தி. தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எந்தப் படியில் கைப்பிடி ஆடுகிறது என்று கண் தானாகத் தேடும். என் பிரிவில் ஒருவருக்குக்கூட விரல் போனதில்லை. அதற்காகக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டதற்கு நேராகவே வருகிறேன். என் மனைவி மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. நாங்கள் சண்டைக்காரர்கள் என்று அக்கம்பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் வேலையிலிருந்து வந்தால் அவள்தான் கதவைத் திறப்பாள். "என்னங்க, இன்னைக்கு லேட்டா?" என்பாள். நேரத்தோடு வந்தாலும் அப்படித்தான் கேட்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தேநீர் கொதித்துவிடும். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன ஆசைப்பட்டுவிடப் போகிறான்?

பிறகு, மகள் விட்டுப்போன சைக்கிளைத் துடைத்து எடுத்தாள். முதலில் தெருமுனை வரை. அப்புறம் கடைவீதி. அப்புறம் ஏரிக்கரை. அங்கே பெண்கள் கூட்டம் ஒன்று சைக்கிள் ஓட்டுகிறது. பல் டாக்டர் அம்மா ஒருவர் அதற்குத் தலைவி. அவர்கள் என் மனைவிக்கு வைத்த பெயர் ராக்கெட். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். அவர்கள் ராக்கெட் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. என் வீட்டுக்குள் இருந்த ஒரு பொருளை எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வந்தால் கதவில் பூட்டு தொங்கும். தேநீரை நானே போட்டுக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கவலையாகவும் இருந்தது.

போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பெண்கள் நாலு இடம் போய்வர வேண்டும் என்று தொழிற்சாலை மேடையில் நானே பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவளாகவே வேண்டாமென்று விட வேண்டும். அதுதான் மரியாதை.

அதனால் அவளுடைய பிறந்தநாளுக்குக் கிளிப்லெஸ் பெடல் வாங்கிக் கொடுத்தேன். பெயரைக் கேட்டால் கிளிப் இல்லாதது என்று தோன்றும். ஆனால் கிளிப் மாதிரிதான் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று தனி ஷூ. ஷூவின் அடியில் ஒரு தகடு. காலை வைத்து அழுத்தினால் பெடலில் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். இறங்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அது பழகாதவர்கள் நின்ற இடத்திலேயே சைக்கிளோடு சாய்ந்துவிடுவார்கள். கடைக்காரரே சொன்னார்: "சார், எல்லாரும் ரெண்டு தடவையாவது விழுவாங்க. சில பேர் பயந்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவாங்க." அந்தச் சில பேரை நம்பித்தான் வாங்கினேன்.

அவள் விழுந்தாள். வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே, வெட்டிய வாழை மாதிரி. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னங்க, இது காலைக் கவ்விக்கிட்டு விடவே மாட்டேங்குது" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே மாட்டுவதும் எடுப்பதுமாகப் பழகினாள். அந்த வார முடிவில் முன்னைவிட வேகமாகப் போனாள். வீடு திரும்ப இன்னும் நேரமானது. நல்லது செய்யப் போய் நானே மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பெடலின் பின்புறம் ஒரு சின்னத் திருகு உண்டு. பிடிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். அவள் குளிக்கப் போகும்போது ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியால் அதை லேசாக இறுக்கினேன். முழுச் சுற்றுகூட இல்லை, கால் சுற்று. இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஏற்றத்தாழ்வு இருந்தால் முழங்காலுக்குக் கெடுதல்.

சில நாள் விட்டு இன்னொரு கால் சுற்று. இப்படியே போனது.

ஒருநாள் சோபாவில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டாள். "முன்ன மாதிரி திருப்ப முடியலைங்க. எனக்கு வயசாயிடுச்சு போல."

"அதெல்லாம் இயற்கைதானேம்மா" என்றேன்.

தைலம் எடுத்துவந்து காலைப் பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் பிடித்துவிட்டேன். காலையில் திருகு, சாயங்காலம் தைலம். இரண்டிலும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நாங்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காகியிருந்தது.

ஏரிக்கரைக்கு அவள் வழக்கமாகப் போகும் புறவழிச் சாலையில் நிற்க வேண்டிய இடமே கிடையாது. அப்படித் தைலம் போட்ட ஒரு சாயங்காலம்தான் சொன்னேன்: "அந்த ரோட்டுல லாரியெல்லாம் கண்ணுமண்ணு தெரியாம வருது. நாளைக்குச் சந்தை பக்கமா போ. சிக்னல் இருக்கு, நின்னு போகலாம்." என் பாதுகாப்பு அறிவை அவள் எப்போதும் மதிப்பாள். சரி என்றாள். மறுநாள் காலை இறுக்கியபோது, திருகு அதற்குமேல் சுற்றாத இடத்துக்கு வந்திருந்தது.

சிவப்பு விழுந்திருக்கிறது. நின்றிருக்கிறாள். கால் வரவில்லை. சாய்ந்த பக்கத்தில் தண்ணீர் வண்டி ஒன்று மெதுவாகத்தான் வந்ததாம். டிரைவர் பாவம், அழுதுவிட்டார். அவர்மேல் தப்பில்லை என்று நானே உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் சொன்னேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். அதன்பிறகு வந்த நாட்களைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டேன் என்கிறீர்கள். நான் லீவு போட்டேன். கஞ்சி வைத்தேன், தலை வாரிவிட்டேன். "என்னங்க, தண்ணி", "என்னங்க, தலையணை" என்று அந்தக் குரல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. மகள்கூட போனில், "உங்கள மாதிரி யாருப்பா பார்த்துப்பாங்க" என்றாள்.

பல் டாக்டர் அம்மாதான் சைக்கிளைப் பழுதுபார்க்க எடுத்துப் போனார். திருகைத் தளர்த்தி வைத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. விபத்து நடந்த இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது என்பது விதி, மேடம். நான் விதி மீறாதவன்.

கடைக்காரர் பெடலைப் பார்த்துவிட்டு, "இப்படி இறுக்கினா யானையாலகூட காலை எடுக்க முடியாதே" என்றாராம். டாக்டர் அம்மா வந்து அதை என் மனைவியிடம் சொல்லும்போது நான் அவள் கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "விடுங்க" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் டாக்டர் அம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆமாம், இறுக்கியது நான்தான். சந்தை வழியைச் சொன்னதும் நான்தான். விழுவாள் என்று தெரியும். எந்தப் பக்கம் விழுவாள் என்பது மட்டும்தான் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் முதல் நாளே முழுக்க இறுக்கியிருக்க மாட்டேனா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு சந்தேகம். புகார் கொடுக்க அவளை யார் இங்கே கூட்டிவந்தது? டாக்டர் அம்மாவா?

"யாரும் இல்ல. ஊன்றுகோலோட தனியா பஸ்ல வந்தாங்க" என்கிறீர்கள். இருக்காது, மேடம். யாரோ கூட வந்திருப்பார்கள், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். நான் இல்லாமல் அவளால் எங்கேயும் போக முடியாது.